ஓர்தோனா முறைப்படி இடிக்கப்பட்ட திருவள்ளூர்ச் சுவர்

1

கனடாவில் ஒரு சோபாவில் உட்கார்ந்தபடி, திருவள்ளூரில் இருக்கும் என் அண்ணன் வீட்டுச் சுவரை இடிக்க வைத்தவன் நான். அது கூரையைத் தாங்கிக்கொண்டிருந்த சுவர் இல்லை என்பது ஒன்றுதான் இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். யோசனைக்கு ஆதாரம், இரண்டாம் உலகப் போரில் கனடாவின் முதலாம் காலாட்படைப் பிரிவு இத்தாலியில் நடத்திய ஒரு சண்டை. அந்தப் பிரிவில் யாரும் திருவள்ளூரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. அண்ணன் வீட்டிலும் யாரும் அந்தப் பிரிவைக் கேள்விப்பட்டதில்லை; இப்போது எல்லோருக்கும் தெரியும். மன்னி அதைப் பற்றிப் பேசும்போது "அந்தக் கனடாக்காரா" என்று, ஏதோ தகராறு பிடித்த சம்பந்தி வீட்டாரைச் சொல்வதுபோலச் சொல்கிறாள்.

சுவர் விழுந்தது போன தை அமாவாசையன்று. இப்போது எழுதக் காரணம், டிசம்பர் வந்துவிட்டது. அந்த இத்தாலியச் சண்டையின் நினைவு நாளை இங்கே எங்கள் ஊர்ப் பட்டாள மியூசியத்தில் காப்பியும் பிஸ்கட்டும் வைத்துக் கொண்டாடுகிறார்கள். இந்த வருஷம் என்னையும் பேசச் சொன்னார்கள். பேசினேன். பேசியதன் விளைவைக் கடைசியில் சொல்கிறேன்.

2

பழி அரசாங்கத்தின் மேல்தான் விழ வேண்டும். குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்க இங்கே ஒரு மெல்லிய புத்தகம் கொடுக்கிறார்கள். என் மனைவி கோதை, முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள், போகும்போதும் வரும்போதும் பஸ்ஸிலேயே அதைப் படித்து முடித்துவிட்டாள். நான் அதில் போர்களைப் பற்றி இருந்த சில பத்திகளைப் பார்த்து, ஒரு நாட்டின் குடிமகனாகப் போகிறவனுக்கு இது போதாது என்று முடிவு செய்து நூலகத்துக்குப் போனேன். தலையணை கனத்தில் மூன்று புத்தகங்கள். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்கு வேலை நாட்களைக் குறைத்திருந்த நேரம். படிக்கத் தடையே இல்லை.

தேர்வில் போரைப் பற்றி வந்தது ஒரே கேள்வி: நினைவு நாளன்று சட்டையில் என்ன பூ குத்திக்கொள்வார்கள்? கோதைக்கு எல்லாம் சரி. எனக்கு இரண்டு தப்பு. இரண்டும் மாகாணத் தலைநகரங்கள்.

படித்தது வீணாகப் போகக் கூடாதே என்று, பட்டாளத்தின் பழைய கவாத்துக் கட்டிடத்தில் இருக்கும் சின்ன மியூசியத்தில் சனிக்கிழமை வழிகாட்டியாகச் சேர மனுப் போட்டேன். சம்பளம் கிடையாது. ஆனாலும் போலீஸ் நன்னடத்தைச் சான்று, இரண்டு பேரின் சிபாரிசு, ஒரு நேர்முகம், பிறகு தீ விபத்து நேர்ந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஒரு வகுப்பு. இதைப் பார்த்தால் கும்மிடிப்பூண்டியில் நான் வேலைக்குச் சேர்ந்த நாள் நினைவுக்கு வருகிறது. சிப்காட்டில் இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு வார்ப்பாலை. மேனேஜர் என்னைக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நைட் ஷிப்ட் வருவியாப்பா?" வருவேன் என்றேன். தர ஆய்வாளர், ஆலை பாஷையில் கியூசி, ஆகிவிட்டேன்.

மியூசியத்தை நடத்துபவர் மார்கரெட். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா முதலாம் பிரிவில் இருந்தவர். நான் முதல் முறை ஆட்களுக்குச் சுற்றிக் காட்டியபோதே மார்கரெட் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டியிருந்தது. வீரர்கள் எல்லோரும் இங்கிலாந்தில் பயிற்சி முடித்து 'பாஸ் அவுட்' ஆனார்கள் என்று நம் ஊர் ஆங்கிலத்தில் சொன்னேன். இங்கே அதற்கு மயங்கி விழுந்தார்கள் என்று பொருள். வந்திருந்த ஒரு பாட்டனார், "எல்லோருமா?" என்று கவலையோடு கேட்டார்.

3

முதலாம் பிரிவைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு பிரிவு என்றால் மூன்று பிரிகேடு. ஒவ்வொரு பிரிகேடிலும் மூன்று பட்டாளம். கூடவே பீரங்கி, பாலம் கட்டுகிறவர்கள், சமையல், தபால். ஒரு நடுத்தர ஊரையே சீருடை மாட்டி நகர்த்துவது மாதிரி. அடையாளமாகத் தோளில் ஒரு சிவப்புச் செவ்வகத் துணி. அதில் எழுத்து இல்லை, சிங்கம் இல்லை, வாள் இல்லை. வெறும் சிவப்பு. எங்கள் குடும்பத்தில் நெற்றியில் இட்டுக்கொள்வதை இவர்கள் தோளில் தைத்துக்கொண்டார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். தூரத்திலிருந்தே நம்மவனா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

போர் தொடங்கிய வருஷமே இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். பிறகு ஏறக்குறைய நான்கு வருஷம் பயிற்சியும் காத்திருப்பும்தான். மின்சாரம் வரும் என்று உலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஷிப்ட் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகங்கள்தான் அந்தப் புகைப்படங்களிலும். 1943 ஜூலையில் சிசிலித் தீவில் இறக்கப்பட்டார்கள். அங்கிருந்து இத்தாலியின் முதுகெலும்பை ஒட்டி மேலே ஏறி, டிசம்பரில் கிழக்குக் கடற்கரையில் ஓர்தோனா என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார்கள். பக்கத்துப் பகுதியிலேயே இந்தியப் படைப்பிரிவு ஒன்றும் சண்டையில் இருந்தது. மியூசியச் சுவரில் அதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். சுற்றிக் காட்டும்போது அந்த ஒரு வரியை நான் கொஞ்சம் நீளமாகச் சொல்வது வழக்கம்.

ஓர்தோனாவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. தெருக்கள் குறுகல். ஜெர்மானியர்கள் குறுக்குத் தெருக்களை இடிபாட்டால் அடைத்து, திறந்திருந்த தெருவுக்கு நேராக இயந்திரத் துப்பாக்கியை வைத்துவிட்டார்கள். தெருவில் கால் வைத்தவன் செத்தான். கனடாக்காரர்கள் தெருவையே விட்டுவிட்டார்கள். ஒரு வீட்டுக்குள் நுழைந்து, மாடிச் சுவரை வெடி வைத்து உடைத்து, அடுத்த வீட்டுக்குள் போனார்கள். அங்கிருந்து அடுத்தது. தெருவைத் தொடாமல் தெருவின் அந்தக் கோடி வரை. இதற்கு அவர்கள் வைத்த பெயர் எலிவளை.

கிறிஸ்துமஸ் அன்றும் சண்டை நிற்கவில்லை. ஒரு பட்டாளத்தார் சில தெருக்கள் தள்ளி ஒரு தேவாலயத்தில் மேஜை போட்டு, துணி விரித்து, பந்தி பந்தியாக வீரர்களை அழைத்தார்கள். சாப்பிட்ட பந்தி எழுந்து சண்டைக்குப் போகும். சண்டையிலிருந்து அடுத்த பந்தி வந்து உட்காரும். சிலருக்கு அதுவே கடைசிப் பந்தி. கோயில் மடப்பள்ளிக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்த இடத்தில் எழும் முதல் கேள்வி, யார் பரிமாறினார்கள் என்பதுதான். அதிகாரிகளே பரிமாறினார்களாம்.

சில நாளில் ஜெர்மானியர்கள் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். பிரிவு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இத்தாலியில் சண்டையிட்டு, கடைசி மாதங்களில் ஹாலந்துக்கு அனுப்பப்பட்டது.

மார்கரெட்டின் அப்பா அந்தத் தெருக்களில் இருந்தவர். திரும்பி வந்து சுவருக்குப் பூச்சு வேலை செய்து பிழைத்தார். போரைப் பற்றி வீட்டில் பேசியதில்லை. ஆனால் யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும், உட்காருவதற்கு முன் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்ப்பாராம். ஏன் என்று கேட்டால், சும்மா என்பாராம். மார்கரெட் இதைச் சொன்னபோது நான் என் வலது கையைப் பார்த்துக்கொண்டேன். வார்ப்பாலையில் என் வேலையே தட்டுவதுதான். நல்ல வார்ப்பைச் சுத்தியால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் தகர டப்பா. நான் இன்றும் பாத்திரக் கடையில் எதையாவது தட்டிவிட்டுத்தான் நகர்வேன். ஆனால் நான் தட்டியதில் என்னைச் சுட யாரும் அந்தப் பக்கம் காத்திருக்கவில்லை. அதிகபட்சம் சப்ளையர் காத்திருப்பார்.

4

அந்த சப்ளையர்களில் ஒருவர் முனிரத்தினம். கவரைப்பேட்டைக்காரர். எங்கள் ஆலைக்குப் பழைய இரும்பு அனுப்புவார். ஒரு முறை அவருடைய லோடில் இரும்பைவிட மண் அதிகம் என்று நான் திருப்பி அனுப்பினேன். வாசலில் நின்று, "மண்ணும் பூமிலேர்ந்துதான சார் வருது, இரும்பும் பூமிலேர்ந்துதான வருது" என்று வாதாடியவர். நான் கனடாவுக்கு வந்த பிறகு, திருவள்ளூரில் கோயில் தெருவில் எங்கள் வீட்டை ஒட்டிய வீட்டையும், அதற்கு அடுத்த கோடி வீட்டையும் சேர்த்து வாங்கி, அறைகளாகத் தடுத்து, அமாவாசைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார்.

திருவள்ளூர் அமாவாசையைத் தெரியாதவர்களுக்கு: பெருமாள் கோயில் குளத்தில் வெல்லமும் பாலும் கரைத்தால் நோய் கரையும் என்று ஜனம் வரும். தை அமாவாசை என்றால் முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே தெருவில் தரை தெரியாது. ஆந்திராவிலிருந்து, ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து, குடும்பம் குடும்பமாக வந்து கிடைத்த படிக்கட்டில் துணியை விரித்துவிடுவார்கள். தெருமுனையில் போலீஸ் தடுப்பு. சைக்கிள்கூட நுழையாது.

எங்கள் வரிசை வீடுகள் ஒரு காலத்தில் பங்காளிகளுடையவை. சுவருக்குச் சுவர் ஒட்டியவை. நடுவே உள்வாசல்கள் உண்டு. அமாவாசையன்று தெரு அடைத்துக்கொண்டால் மடப்பள்ளிக்குப் போகிற பாத்திரமும் ஆளும் அந்த உள்வாசல்கள் வழியாகத்தான் கோடி வீடு வரை போகும். அந்த வழியாகப் போவதில் ஒரே கஷ்டம், ஐந்து வீட்டுச் சண்டையையும் தாண்டிப் போக வேண்டும். வீடுகள் கை மாற மாற வாசல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். முனிரத்தினம் குடி வந்ததும் அண்ணன் எங்கள் பக்கத்து வாசலை அடைத்து, பூசி, அதன் முன்னால் இரும்பு பீரோவையும் நிறுத்திவிட்டார்.

அடைத்த இடத்தில் ஈரம் பூத்தது. முனிரத்தினம் கட்டிய குளியலறைகளின் தண்ணீர்தான் அது என்று அண்ணன் சொன்னார். என் பைப்பில் கசிவே இல்லை என்று முனிரத்தினம் சொன்னார். அதோடு பேச்சு நின்றது. அண்ணன் பெயர் ரங்கநாதன், மடப்பள்ளிக் கைங்கரியம். ஈரத்தைவிட அவரை அதிகம் உறுத்தியது, முனிரத்தினம் அவரை "ஐயரே" என்று கூப்பிட்டதுதான்.

5

அண்ணனுக்கு ஒரே பெண், வைதேகி. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்குப் புனாவில் வேலை. போன தடவை ஏழாம் மாதத்தில் ஒன்றும் இல்லாமல் போனது. அதனால் இந்த முறை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: வலி என்று ஒன்று வந்தால், பொய் வலியா மெய் வலியா என்று வீட்டில் ஆராயாதீர்கள்; உடனே கூட்டி வந்துவிடுங்கள். நாள் குறித்திருந்தது தை அமாவாசை கழிந்து இரண்டு வாரத்தில். ஆனால் குழந்தைகள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

நான் முதலில் புத்தியுள்ளவன் மாதிரிதான் பேசினேன். அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு ரூம் எடுத்துத் தங்க வையுங்கள் என்றேன்.

"பிள்ளைத்தாச்சிப் பொண்ணை லாட்ஜுல கொண்டு வெக்கறதாடா?" என்றார் அண்ணன். "கனடாவுல அப்படித்தான் பண்றாளா?"

"இல்லேண்ணா, தெரு அடைச்சுடும்."

"தெரு எனக்குத் தெரியாதா? நான் அந்தத் தெருவுலதான் பொறந்தேன். நீ பொறந்தபோதும் தெரு இருந்தது."

புத்தியுள்ளவன் அங்கேயே நின்று, அண்ணனோடு சண்டை போட்டு, அந்த ரூமை எடுக்க வைத்திருப்பான். நான் ஓர்தோனாவுக்குப் போனேன்.

சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அடைபட்ட தெரு. பின்பக்கம் சத்திரத்தின் வாசலில்லாத சுவர். பக்கத்தில் முனிரத்தினத்தின் இரண்டு வீடுகள். கோடி வீட்டுக்குப் பின் சாலையில் ஷட்டர். ஷட்டருக்கு வெளியே அவருடைய சரக்கேற்றும் குட்டியானை வண்டி. நடுவே ஒரே ஒரு செங்கல் அடைப்பு. சாப்பாட்டு மேஜையில் வரைபடம் போட்டேன். என் மகன் முகுந்த் பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் இருக்கிறான். தமிழில் கேட்பான், ஆங்கிலத்தில் பதில் சொல்வான். படத்தைப் பார்த்து, இது வீட்டுப்பாடமா என்று கேட்டான். கோதை அதன்மேல் ரசப் பாத்திரத்தை வைத்தாள்.

"டாக்டர்ட்ட ஆம்புலன்ஸ் எதுவரைக்கும் வரும்னு கேட்டேளா?" என்றாள்.

நான் கேட்கவில்லை. பெரிய திட்டம் போடுகிறவர்கள் சின்னக் கேள்விகள் கேட்பதில்லை.

முனிரத்தினத்துக்குப் போன் செய்தேன்.

"ஹலோ, முனிரத்தினமா? நான் ராகவன். கியூசி ராகவன்."

அந்தப் பக்கத்திலிருந்து எச்சரிக்கையாக, "எந்த லோடு சார்?"

"லோடு இல்லை. நான் இப்போ கனடாவுல இருக்கேன்."

"தெரியும் சார். உங்க அண்ணன் எங்கூட்டு செவுத்தப் பாத்து திட்டும்போது அப்பப்போ சொல்வாரு. கேட்டுக்கினு இருப்பேன்."

விஷயத்தைச் சொன்னேன். ஓர்தோனா, இயந்திரத் துப்பாக்கி, எலிவளை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், இருங்க. பாப்பாவுக்கு வலி வந்தா எங்கூட்டு வழியா போவணும். அவ்ளோதான மேட்டரு?"

"அவ்வளவுதான்."

"அதுக்கு ஏன் சார் இத்தாலிக்கெல்லாம் போய்க்கினு?" என்றார். "வண்டி நிக்கும். கடப்பாரை நிக்கும். ஆளுங்க நிப்பாங்க. ஆனா ஐயரு என்னாண்ட வந்து ஒரு வார்த்தை கேக்கணும்."

"அவர் ஐயர் இல்லை, ஐயங்கார்."

"அதான் சார், அந்த ஐயரு."

அண்ணன் கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டுப் பார்த்தேன். "அவன்ட்ட நானா? என் சுவத்தை ஊற வெச்சவன்ட்டயா?" என்று போனை வைத்துவிட்டார். மறுபடி முனிரத்தினத்திடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர், "சரி வுடு சார். அந்தம்மா செவுத்துல தட்டினா போதும். கேட்டா மாதிரிதான்" என்றார்.

மன்னி ஒப்புக்கொண்டாள். அவளுக்கு ஒரே சந்தேகம், பீரோ. "அங்க பீரோ நிக்கறதே ராகவா? அதை இப்பவே நகத்தி வெச்சுடட்டுமா?"

வேண்டாம் என்றேன். பீரோ நகர்ந்தால் அண்ணனுக்கு விஷயம் தெரிந்துவிடும், இரகசியம் முக்கியம், சுவர் உடைந்ததும் முனிரத்தினத்தின் ஆட்கள் அந்தப் பக்கத்திலிருந்தே தள்ளிவிடுவார்கள் என்றேன். இதை நான் சொன்ன தொனியில் ஒரு சிவப்புத் துணி இருந்திருக்க வேண்டும்.

6

தை அமாவாசையன்று அங்கே காலை, இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். மன்னியின் வீடியோ அழைப்பு வந்தது.

"வலி வந்துடுத்துடா. அண்ணா மடப்பள்ளியில இருக்கார். போன் எடுக்க மாட்டேங்கறார்."

"தட்டுங்கோ மன்னி!"

போனை ஏதோ அலமாரித் தட்டில் சாய்த்து வைத்தாள். எனக்குத் தெரிந்தது, கூரையும் மின்விசிறியும். அதன் பிறகு நடந்த எல்லாவற்றையும் நான் அந்த மின்விசிறியைப் பார்த்தபடி நடத்தினேன். முதலில் அம்மிக் குழவியால் சுவரில் தட்டும் சத்தம். அந்தப் பக்கத்திலிருந்து உடனே, "வந்துட்டோம்மா! தள்ளி நில்லு!" பிறகு கடப்பாரை. செங்கல் சரிவது கேட்டது. புழுதியில் மின்விசிறி மங்கியது. நான் "பீரோ! இடது பக்கமா தள்ளுங்க!" என்று கத்தினேன். யாருக்கு இடது என்று சொல்லவில்லை.

பிறகு ஒரு பெரிய சத்தம். கும்மிடிப்பூண்டியில் கிரேனிலிருந்து வார்ப்பு விழுந்தால் கேட்கும் சத்தம். அதன் பிறகு ஒன்றும் இல்லை.

"மன்னி? வைதேகி?"

முனிரத்தினத்தின் குரல் எங்கிருந்தோ வந்தது. "சார், பீரோ வுந்து வழிய அடைச்சிக்கிச்சு. பாப்பா எங்க?"

எனக்கு எப்படித் தெரியும்? பீரோ விழுந்த இடத்தில் யார் நின்றார்கள் என்று கேட்க வாய் வரவில்லை. கோதை என் பின்னால் வந்து நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஏழாம் மாதத்துச் செய்தி வந்தபோதும் அவள் அதே இடத்தில்தான் நின்றாள். நான் மறுபடி மறுபடி பெயர்களைக் கூப்பிட்டேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"சார்! அவங்க ஊட்லயே இல்ல சார்! வாசக்கதவு தொறந்துக்கினு இருக்குது!" என்றார் முனிரத்தினம். ஓடும் சத்தம். பிறகு அவரும் இல்லை.

முகுந்த் வந்து எட்டிப் பார்த்தான். அந்தப் பக்கம் யாருமே இல்லை, நீ ஒரு மின்விசிறிக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறாய் என்று ஆங்கிலத்தில் சொன்னான். சொல்லிவிட்டுப் போகவில்லை; பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

நடந்தது இது, பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. சுவர் உடைய ஆரம்பித்ததும் புழுதியில் வைதேகிக்கு இருமல் வந்தது. "அம்மா, என் செருப்பு எங்க?" என்று கேட்டு மாட்டிக்கொண்டு, அவளே தெருக்கதவைத் திறந்துவிட்டாள். மன்னி பின்னால் ஓடினாள். படிக்கட்டில் ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி நிமிர்ந்து வயிற்றைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, வலியா?"

வைதேகி தலையாட்டினாள்.

"ஏய், நவுரு நவுரு! புள்ளத்தாச்சி வருது! தள்ளு நைனா, மூட்டைய எடு!"

அந்த வார்த்தை தெருவில் முன்னால் போயிற்று. தமிழில் போய், தெலுங்கில் திரும்பி, மறுபடி தமிழில். ஒவ்வொரு வரிசையாக ஜனம் பக்கவாட்டில் திரும்பி நின்றது. படுத்திருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். ஊத்துக்கோட்டைக்காரி வைதேகியின் முழங்கையைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். சாதம் ஒட்டிய கை. தெருமுனையில் ஒரு பெண் போலீஸ் தடுப்பைத் தூக்கி ஓரமாக வைத்தார். முனிரத்தினம் குட்டியானையைச் சுற்றிக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியபோது வைதேகி ஏற்கெனவே வந்து நின்றிருந்தாள்.

பெண் குழந்தை. இருவரும் சௌக்கியம்.

இது எனக்குத் தெரிய வருவதற்கு முன்னால், அலமாரிப் போனில் இன்னொரு காட்சி மிச்சமிருந்தது. அண்ணன் ஈர வேட்டியோடு மடப்பள்ளியிலிருந்து வந்தார். செய்தி அரைகுறையாகக் காதில் விழுந்திருக்கிறது. "கோமளா! கோமளா!" என்று மன்னியைக் கூப்பிட்டார். முனிரத்தினத்தின் ஆட்கள் இரண்டு பேர் எங்கள் பீரோ மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.

"யாருடா நீங்கள்லாம்?"

"செவுரு வேலைக்கு வந்தோம் சாமி."

"எந்த சுவர்?"

"இருந்த செவுரு."

நான், "அண்ணா, நான்தான்" என்றேன்.

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்திருக்க வேண்டும். "எங்கேர்ந்துடா பேசற?"

"அலமாரிலேர்ந்து."

வைதேகியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள் என்று ஆட்கள் சொன்னார்கள். அதில் ஒருவன், சந்தர்ப்பம் தெரியாதவன், இன்னொன்றும் சொன்னான். "சாமி, இங்க பாருங்க, ஈரம் உங்க பைப்புலேர்ந்துதான் வருது. உங்க டேங்க் பைப்பு. செங்கல்லுக்குள்ளயே போவுது."

தெரு மறுபடி மூடிக்கொண்டிருந்தது. அண்ணன் வாசலைப் பார்த்தாராம், பீரோவைப் பார்த்தாராம். பிறகு பீரோ மேல் ஏறி, ஓட்டை வழியாக முனிரத்தினத்தின் வீட்டுக்குள் இறங்கினார். முனிரத்தினத்தின் மனைவி "வாங்க சாமி" என்றாளாம். அண்ணன் "வரேம்மா" என்று சொல்லிக்கொண்டே இரண்டு வீட்டையும் தாண்டி, ஷட்டர் வழியாகச் சாலைக்குப் போய் ஆட்டோ பிடித்தாராம்.

அன்று அந்த ஓட்டை வழியாக எங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர் அவர் ஒருவர்தான்.

7

ஓட்டையை இன்னும் செங்கல் வைத்து அடைக்கவில்லை. ஒரு பிளைவுட் கதவு போட்டு, இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் வைத்திருக்கிறார்கள். மற்றவர் தாழ் போடுவதில்லை என்று இரண்டு பக்கமும் என்னிடம் புகார் சொல்கிறார்கள். பைப்பை அண்ணன் மாற்றிவிட்டார். அதைப் பற்றிப் பேசுவதில்லை. முனிரத்தினம் இப்போதும் "ஐயரே" என்றுதான் கூப்பிடுகிறார். அண்ணன் இப்போது "என்ன?" என்று கேட்கிறார்.

மியூசியத்தில் இந்தக் கதையைத்தான் பேசினேன். மாட்டியிருந்த சிவப்புத் துணிக்குப் பக்கத்தில் நின்று, கையில் குறிப்பு வைத்துக்கொண்டு. பீரோவைச் சொன்ன இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் முடிக்கும்போது கொஞ்சம் கனமாக முடிக்க வேண்டும் என்று ஒரு சபலம். தெரு அடைபட்டால் மனிதன் சுவர் வழியாகப் போகிறான். ஓர்தோனாவில் முதலாம் பிரிவு கற்றதும் எங்கள் தெரு கற்றதும் ஒன்றே என்று சொல்லி நிறுத்தினேன். கை தட்டினார்கள். மார்கரெட் காப்பியோடு வந்து, குழந்தைக்கு இப்போது எத்தனை மாதம், நடக்க ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டார். நான் பேசிய இடத்துக்குப் பின்னால் இருந்த சுவரை, போகிற போக்கில், விரல் முட்டியால் ஒரு தரம் தட்டிவிட்டுப் போனார். தட்டியது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

முகுந்த் என் பேச்சை மொபைலில் பிடித்திருந்தான். நான் கேட்காமலேயே, அதுவரை பேசியே இராத தன் பெரியப்பா பெண் வைதேகி அக்காவுக்கு அவனே அனுப்பியும் விட்டான். மறுநாள் வைதேகி வீடியோவில் வந்தாள். இடுப்பில் குழந்தை, அது பிளைவுட் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"நன்னா பேசினேள் சித்தப்பா. இங்கிலீஷ்கூட இம்ப்ரூவ் ஆயிருக்கு" என்றாள்.

"கடைசில சொன்னேனே, அது எப்படி?"

அவள் குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அதுதான் சித்தப்பா எனக்குப் புரியலை. அந்த ஊர்த் தெருவுல நின்னவா கையில துப்பாக்கி இருந்தது. நம்ம தெருவுல நின்னவா கையில வெல்லம்தானே இருந்தது?"